ஏலத்துக்கு வந்த ஒட்டகம்

மாதா கோயில் திருவிழா முடிந்த மறுநாள் நேர்ச்சைக்கு வந்த சாமான்களை ஏலம் விடுவது அந்த ஊர் வழக்கம். ஆட்டுக்கிடா, சேவல், தேங்காய்க்குலை, பலாப்பழம் என்று கோயில் வாசலே நிறைந்து கிடக்கும். பிராங்க்ளின் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனான். சேவல்கூடைக்குப் பக்கத்தில் செல்லையா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவனுக்குப் பகீரென்றது.

செல்லையா ஒரு பஞ்சு ஒட்டகம். மகள் ஜாஸ்பினுக்கு ஒரு வயசானபோது அவன் துபாயிலிருந்து அனுப்பியது. இப்போது அவளுக்கு ஒன்பது. இந்த எட்டு வருசத்தில் அப்பன் வீட்டில் இருந்த நாளையெல்லாம் கூட்டினாலும் ஒரு வருசம் தேறாது. ஒட்டகமோ ஒரு ராத்திரிகூட அவளை விட்டுப் பிரிந்ததில்லை. ஒரு கண் போய், சட்டைப் பொத்தான் வைத்துத் தைத்தாயிற்று. நார்த்தாமலைக்குப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனபோதுகூடப் பைக்குள் ஏறிப் போய்வந்த பெரிய மனுசன் அது.

"இத எதுக்குடி குடுக்க விட்ட?" என்று பெண்டாட்டி ஜெயராணியிடம் பாய்ந்தான்.

"நான் என்னங்க பண்றது? நீங்க அங்க சாரத்துலேர்ந்து விழுந்து கெடந்தப்ப நேந்துக்கிட்டாளாம். வேற பொம்மை குடுடின்னா, மாதாவ ஏமாத்தச் சொல்றியான்னு கேக்குறா."

பிராங்க்ளினுக்கு இப்போது இடுப்பெலும்பு கூடிவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை மறுபடியும் துபாய்க்கு டிக்கெட். அதைப் பிள்ளையிடம் சொல்ல வாய் வராமல், மூணு நாளாய்க் கீரனூருக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீமாக வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான், மடையன்.

ஏலம் போடுகிற பெரியவர் ஜெபமாலை ஒட்டகத்தைத் தூக்கிக் காட்டினார். "புல்லு கேக்காது, தண்ணி கேக்காது! கேளுங்கப்பா!" கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து எவனோ வீம்புக்கு விலையை ஏற்றிவிட்டான். பிராங்க்ளின் விடுவானா? கிடா விலைக்குப் போய்த்தான் நின்றான்.

நேர்ந்து கொடுத்ததை ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது அங்கே தப்பில்லை. பாதிப் பேர் அப்படித்தான் செய்வார்கள். வேப்பமரத்தடியில் நின்ற ஜாஸ்பினிடம் சந்தோசமாக நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கண் மட்டும் ஒட்டகத்தை விட்டு நகரவில்லை.

"வேணாம்ப்பா. திருப்பி வாங்குனா பலிக்காது."

"அதான் பலிச்சிருச்சே ஆத்தா! பாரு, அப்பா நல்லா நடக்குறேன்."

"நீங்க நடக்கணும்னு அம்மாதான் நேந்துச்சு. நீங்க இனிமே துபாய்க்குப் போகவே கூடாதுன்னு நான் நேந்தேன்."

அட கடவுளே! போகலை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. ஆனால் தன்னிடம் இருந்ததிலேயே பெரிய பொருளை அவனுக்காகத் தூக்கிக் கொடுத்த பிள்ளையிடம் பொய் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

"வெள்ளிக்கெழம போறேன்டா தங்கம்," என்றான்.

ஜாஸ்பின் அழவில்லை. கையை முன்னால் கொண்டுவந்து, ஒட்டகத்தை வெடுக்கென்று பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"அப்ப இது என்னுது," என்று சொல்லிவிட்டு, அம்மா நின்ற பக்கம் நடந்தாள்.