நடுக் கிண்ணம்

எனக்குச் சங்கீதம் தெரியாது. சங்கீதக்காரர்களைப் பேட்டி எடுக்க ஆசிரியர் என்னை அனுப்பியதற்கு அதுதான் காரணம். "தெரிஞ்சவன் போனா அவனே பேசிட்டு வந்துருவான்யா சிவசாமி. நீ போனாத்தான் அவங்க பேசுவாங்க" என்றார். யுத்தக் காலத்துக் காகிதப் பஞ்சத்தில் எங்கள் புதுக்கோட்டை மாதப் பத்திரிகை இருபத்திநாலு பக்கமாக இளைத்திருந்தது. அதில் மூன்று பக்கம் எனக்கு. எல்லாரும் வாசிப்பதுபோல வாசிக்காதவர்களைத் தேடிப் போய், அந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டு எழுத வேண்டும். கிணற்றுக்குள் இறங்கி நின்று நாகசுரம் ஊதிப் பார்த்த கீரனூர்க்காரரையும், அலை வந்து மோதுகிற கணக்கில் ஒரு தாளம் கட்டிய மணமேல்குடிக்காரரையும் எழுதி முடித்திருந்தேன். இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். சரியான இடத்திலும் தப்பான இடத்திலும் நான் ஒரே மாதிரி தலையாட்டியது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது ஆள் ஆலங்குடி உண்ணாமலை. ஜலதரங்கம் வாசிப்பவர். கிண்ணங்களில் அளவாகத் தண்ணீர் ஊற்றி மூங்கில் குச்சியால் தட்டுகிற வாத்தியம் அது. ஒரு கிண்ணத்துக்கு ஒரு சுரம். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழைந்து குழைந்து போவதற்கு அதில் வழியில்லை என்பார்கள். வழி உண்டு என்று இந்த அம்மாள் சொல்வதாகக் கேள்விப்பட்டுக் கிளம்பினேன்.

அந்த நாளில் பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பைக் கட்டி, கரி போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டினார்கள். ஆலங்குடிக்குப் பன்னிரண்டு மைல் தூரத்தில் நாங்கள் ஏழு மைல் பஸ்ஸில் போனோம், மீதியில் பஸ் எங்களோடு வந்தது. தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. நாக்கு காய்ந்த பனை ஓலை மாதிரி இருந்தது.

வாசகசாலை ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஐந்தரைக்குக் கச்சேரி. வாசலில் கஞ்சிராவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் வீரய்யா, உண்ணாமலையின் கணவர். மனைவிக்குப் பக்கவாத்தியமும் அவர்தான்.

"அவ கோயிலுக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. உள்ள உக்காருங்க தம்பி. பானையில தண்ணி இருக்கு, குடிங்க" என்றார்.

உள்ளே ஒரே இருட்டு. வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குப் பானை தெரியவில்லை. தரையில் நீளமாக விரித்த வெள்ளைத் துணியும், அதன் நடுவில் விலகியிருந்த இடத்தில் நீலப்பூப் போட்ட ஒரு பீங்கான் கிண்ணமும், அதில் தெளிந்த தண்ணீரும் தெரிந்தன. ஜலதரங்கம் என்றால் வெள்ளிக் கிண்ணம், சந்தனப் பலகை என்று நான் மனசுக்குள் கட்டி வைத்திருந்தேன். இதுவோ காபி கிளப்புக் கிண்ணம். விருந்தாளிக்கு வைத்திருக்கிறார்கள், என்ன மரியாதையான ஊர் என்று நினைத்துக்கொண்டு எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன்.

குடித்து முடித்தபோது கண் தெளிந்தது. துணியைத் தூக்கிப் பார்த்தேன். இந்தப் பக்கம் எட்டுக் கிண்ணம், அந்தப் பக்கம் எட்டுக் கிண்ணம், அரைவட்டமாக. ஒவ்வொன்றிலும் தண்ணீர். கதவுக்குப் பின்னாலே பானை, மேலே தட்டு, தட்டின்மேல் செம்பு.

நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். பானையிலிருந்து செம்பில் மொண்டு, கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்துக் கிண்ணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, இன்னும் இரண்டு சொட்டு ஊற்றி, துணியை மூடிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். வாசலில் நிழல் விழுந்தது.

உண்ணாமலைக்கு நாற்பது வயசிருக்கும். நெற்றியில் திருநீறு, தலையில் கோயில் அரளிப்பூ. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"கரி பஸ்ஸுல வந்தீங்களா? மூக்கைத் தொடச்சுக்கங்க தம்பி, மீசை மாதிரி இருக்கு."

பேட்டி தொடங்கிற்று. சுரத்தைக் குழைய வைக்கிற வித்தை எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன்.

"வீடு ஒழுகுச்சு" என்றார்.

நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"எங்கப்பா நாடகக் கம்பெனியில ஆர்மோனியம் வாசிச்சவரு. அதனால காது மட்டும் எனக்கு நல்லா இருந்துச்சு. எங்கண்ணன் நல்லதம்பி, ரங்கூன்லேருந்து வந்தப்ப, காபி கிளப்பு வைக்கப் போறேன்னு ஒரு பெட்டி கிண்ணம் கொண்டாந்து எங்க வீட்டுல போட்டுச்சு. ஐப்பசி மழை. பதினேழு எடத்துல ஒழுகுச்சு. பதினேழு கிண்ணத்தை எடுத்து வச்சேன். சோத்துக் கரண்டி ஒண்ணுல பட்டுச்சு. டிங்குன்னுச்சு. அந்தச் சத்தம் அடங்கறதுக்குள்ள மேலேருந்து ஒரு சொட்டு விழுந்துச்சு பாருங்க, சுரம் அப்படியே ஆடி நெளிஞ்சு நின்னுச்சு. அழுகையே வந்துருச்சு எனக்கு."

"கூரைக்கு ஓலை வாங்கியாரேன்னேன்" என்றார் வாசலிலிருந்து வீரய்யா. "வேணாம், இன்னும் ரெண்டு மழை போகட்டும்னா."

"சொட்டு பண்ணுற வேலையைக் குச்சி பண்ணாதான்னு பார்த்தேன். தட்டுன கையோட குச்சி நுனியால தண்ணியைத் தொடணும். முந்திட்டா சத்தம் செத்துரும். பிந்திட்டா தண்ணிதான் கலங்கும். அந்த நேரம் பிடிபட ஆறு வருசம் ஆச்சு."

இதைவிட நல்ல பேட்டி எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் என் கண் நோட்டைவிட்டு அந்தத் துணிக்கே போய்க்கொண்டிருந்தது. எவ்வளவு தண்ணீர் என்பது முக்கியமா என்று, ஏதோ வாசகர்கள் சார்பாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஒரு நகக்கண் அளவு கூடுனாக்கூடச் சுரம் எறங்கிப் போயிரும். காலையில ரெண்டு மணி நேரம் ஒக்காந்து, பஞ்சால தண்ணியை ஒத்தி ஒத்தி எடுத்துச் சரிபண்ணினேன். துணியைப் போட்டு மூடிட்டேன்னா அப்புறம் மேடையிலதான் தொறப்பேன். நடுவுல தட்டிப் பார்க்க மாட்டேன். தட்டிப் பார்த்தா சந்தேகம் வரும், சந்தேகம் வந்தா சொட்டு விடுவேன், அதுக்கு முடிவே கெடையாது."

"மேடையில் சரிசெய்துகொள்ளலாமே?" என்றேன். என் குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

"போன மாசம் கீரனூர்ல அதைத்தான் செஞ்சேன். கால் மணி நேரம் ஊத்துறேன், எடுக்குறேன், ஊத்துறேன். கூட்டத்துல ஒருத்தன், 'பாத்திரம் வெளக்கி முடிச்சதும் சொல்லுங்க, வாரோம்'னு எந்திரிச்சுப் போனான். பின்னாடியே பாதிப் பேரு போயிட்டாங்க."

அப்போது உள்ளே வந்தவர் அந்த அண்ணன் நல்லதம்பி. தோளில் துண்டு, உடம்பெல்லாம் காபி வாசனை. துணியால் மூடியிருந்த கிண்ணங்களை, கட்டிக்கொடுத்த மகளைப் பார்ப்பதுபோல ஏக்கமாகப் பார்த்தார்.

"பத்திரிகையில எழுதிக்கங்க தம்பி. ரங்கூன் ஜப்பான்காரன் கையில. இனிமே இந்தக் கிண்ணம் லோகத்துல கெடைக்காது. எங்கிட்ட இருந்ததெல்லாம் ஒடைஞ்சு, இப்ப தகர டம்ளர்ல காபி குடுக்கேன். ஒதடு சுடுதுன்னு ஒவ்வொருத்தனும் திட்டுறான். இங்கிட்டு இவ பதினேழை வச்சுக்கிட்டுத் தட்டிக்கிட்டிருக்கா."

"அதான் பேசியாச்சுல்லண்ணே" என்றார் உண்ணாமலை.

"ஆமா, பேசியாச்சு. மேடையில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம, ஒரு சொட்டு எடுக்காம அரைமணி நேரம் வாசிச்சு, கூட்டமும் ஒக்காந்து கேட்டா கிண்ணம் ஒனக்கு. செம்பைத் தொட்டேன்னா எனக்கு. நாளைக்குக் காலையில பதினேழுலயும் காபி ஊத்திருவேன். முன்வரிசையிலதான் ஒக்காந்திருப்பேன், மாப்ளே, கண்ணைக் கொட்ட மாட்டேன்."

"கண்ணைக் கொட்டாட்டியும் காதைத் தொறந்து வைங்க மச்சான்" என்றார் வீரய்யா.

நல்லதம்பி போனார். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து, "குச்சி மூங்கில்தானா?" என்ற கேள்வி வந்தது. அடுத்த முறை திறந்தபோது, "பிடித்த ராகம் எது?" அதற்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இன்று கரகரப்பிரியாவாம். கிண்ணமெல்லாம் அதற்கென்றே சுருதி சேர்த்தது. என் பேட்டிகளிலேயே கேள்விகள் அதிகமானது அதுதான். எல்லாம் கோழைத்தனத்தால் பிறந்தவை.

கிண்ணங்களை, அவை இருந்த பலகையோடு இரண்டு பேர் தூக்கிப் போய் மேடையில், திரைக்குப் பின்னால் வைத்தார்கள். வெளியே காரியதரிசி வரவேற்புரை சொல்லிக்கொண்டிருந்தார். உண்ணாமலை சம்மணமிட்டு உட்கார்ந்து, குச்சிகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மேடைமேல் தவழ்ந்து போனேன்.

"அக்கா, நடுக் கிண்ணத்துத் தண்ணியை நான் குடிச்சுட்டேன்."

அவர் திரும்பினார்.

"தாகம். தெரியாமக் குடிச்சுட்டேன். அப்புறம் நானே ஊத்தி வச்சேன். குத்துமதிப்பா."

வீரய்யா கஞ்சிராவைக் கீழே வைத்துவிட்டார். உண்ணாமலை துணியை நடுவில் விலக்கி, ஒரு விரல் நகத்தால் கிண்ணத்தை மெல்லத் தொட்டார். எனக்கு அது அழகாகத்தான் கேட்டது. அவர் முகத்தைப் பார்த்து, அழகில்லை என்று தெரிந்துகொண்டேன்.

"பஞ்சமம்" என்றார். "நட்டநடுவுல அதைப் பார்த்துக் குடிச்சிருக்கீங்க. ருசி எப்படி இருந்துச்சு?"

"அக்கா..."

"செத்த சும்மா இருங்க."

கண்ணை மூடிக்கொண்டார். வெளியே காரியதரிசி நன்றி சொல்லத் தொடங்கியிருந்தார். உண்ணாமலையின் இடது கை விரல்கள் தொடையில் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின, நடுவில் ஒன்றைத் தாண்டின, மறுபடி ஏறின. உதட்டோரம் ஏதோ மாறியது.

"கரகரப்பிரியாவுல பஞ்சமத்தை எடுத்துட்டா மிச்சம் ஆறு சுரம். அந்த ஆறும் சேர்ந்தா ஸ்ரீரஞ்சனி ராகம். மத்த கிண்ணத்துல ஒரு சொட்டுக்கூட மாத்த வேணாம்" என்றார், எனக்கா தனக்கா என்று தெரியாமல். பிறகு கணவரிடம், "ஸ்ரீரஞ்சனிங்க. தாளம் ஆதியேதான்."

"கை பழக்கத்துல அங்கிட்டுப் போயிருமே, புள்ள."

உண்ணாமலை யோசித்து, தலையிலிருந்த அரளிப்பூவை எடுத்து அந்தக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். திரை விலகியது. நான் தவழ்ந்தபடியே பின்னால் போனேன். அந்தக் காட்சியை முன்வரிசை பார்த்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அந்த அரைமணி நேரத்தில் நான் சங்கீதம் கேட்கவில்லை. பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குச்சி மேலே ஏறும், பூவின் பக்கம் வரும், என் மூச்சு நிற்கும், குச்சி தாண்டிப் போகும். முன்வரிசையில் நல்லதம்பி, உண்ணாமலையின் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் போனபோது ஒரு சுரம் தட்டிய பிறகும் அடங்காமல், ஆடி, நெளிந்து, அடுத்த கிண்ணத்துக்குள் போய்ச் சேர்ந்தது. பந்தலில் யாரோ "அடடா" என்றார்கள். நல்லதம்பியின் பார்வை செம்பைவிட்டு நகர்ந்தது. இன்னும் சிறிது நேரத்தில் அவர் கண்ணையே மூடிவிட்டார். கூட்டத்தில் எழுந்தவர் ஒரே ஒருவர். அவரும் தூண் மறைக்கிறது என்று முன்னால் வந்து உட்கார்ந்தார்.

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, குச்சி பூவைத் தொட்டது. பூ நகர்ந்தது. சத்தம் வரவில்லை. நான் வாசகசாலைச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

முடிந்ததும் கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கிண்ணங்களைப் பலகையோடு மேடைக்குப் பின்னால் இறக்கி வைத்தபோது நல்லதம்பி அங்கே வந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார், கண்ணையும் சேர்த்து.

"வச்சுக்க" என்றார் தங்கையிடம். "தகர டம்ளருக்கு ஒதடு பழகிக்கும்."

உண்ணாமலை அண்ணனின் துண்டு நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் குடித்ததை நல்லதம்பியிடமும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் பந்தயம் கெட்டுப்போகுமோ, பூ போட்டது தண்ணீர் ஊற்றியதில் சேருமோ என்றும் தோன்றியது.

"அதென்ன அந்தக் கிண்ணத்துல மட்டும் பூ?" என்றார் நல்லதம்பி.

வீரய்யா கஞ்சிராவை உறையில் போட ஆரம்பித்தார், அது முன்பே உறையில் இருந்தது.

"கோயில் தீர்த்தமா? மொதல்லயே சொல்லக் கூடாதா? முன்வரிசையில ஒக்காந்து தொண்டை காஞ்சு கெடக்கேன்" என்ற நல்லதம்பி, பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக் காதில் செருகிக்கொண்டு, நடுக் கிண்ணத்தை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

உண்ணாமலை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சிரிக்கத் தொடங்கி, அடக்கி, முடியாமல் பலகைமேல் சாய்ந்தபோது மீதிப் பதினாறு கிண்ணங்களும் குலுங்கித் தரையெல்லாம் தண்ணீராயிற்று.

"இன்னொண்ணு குடிக்கிறீங்களா தம்பி?" என்றார். "இப்பக் குடிக்கலாம்."