மூடினால்தான் குளிரும்

1

“எத்தன பேர் படுக்கிற?”

“ரெண்டு பேர்.”

“ரெண்டோ? பிள்ளை, வாற கிழமை வவுனியாவில இருந்து சித்தப்பா ஆக்கள் நாலு பேர் வருகினம். விசா இன்டர்வியூ.”

முதலில் கேட்டவர் ரிம்ஸான். ஏசி பொருத்துபவர், அறையை அளக்க வந்தவர். இரண்டு என்றவள் ஆரணி அண்ணி. அண்ணனோடு கல்யாணமாகி மூன்று மாதம்; அறை அவர்களுடையது. குசினியிலிருந்து வந்த குரல் அம்மாவுடையது. இந்த மூன்று வரிகளிலிருந்துதான் இந்தக் கதை வந்தது, ஒப்புக்கொள்கிறேன். நான் வாசிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் இப்படிப்பட்ட உரையாடலுக்கு வெளியே பனி பெய்யும். எங்கள் வெள்ளவத்தை மூன்றாம் மாடியில் அண்ணியின் மேலுதட்டில் வியர்வை.

2

(கைவிட்ட தொடக்கம்: “ஓர் அறை என்பது இரண்டு மௌனங்களின்...” இல்லை. அளவுநாடாவுக்கு முன்னால் இந்த வரி நிற்காது.)

பத்தடிக்குப் பதினொரு அடி அறை. மேற்கு ஜன்னல், பின்னேர வெயில் நேரே கட்டிலில் விழும்.

“ரெண்டு பேரென்டா பன்னெண்டாயிரம் பிடியு, சின்ன மெஷினே காணும். கதவ மட்டும் மூடி வைக்கணும்” என்றார் ரிம்ஸான்.

அம்மா கரண்டியோடு வந்தார். “பெரிசாப் போடுங்கோ தம்பி. கதவைத் திறந்துவிட்டா ஹோலில படுக்கிற ஆக்களுக்கும் குளிர் வரும்தானே.”

“ஆன்ட்டி, ஆக்கள் இல்லாத நாள்ல பெரிய மெஷின் டக்கென்டு குளிராக்கிட்டு நின்டுடும். ஈரம் போகாது. கடக்கரப் பக்கம் வேற. மெத்த நனஞ்ச மாதிரி இரிக்கும்.”

“ஆக்கள் இல்லாத நாளோ?” அம்மாவுக்குச் சிரிப்பு. “அது எப்ப தம்பி?”

நியாயமான கேள்வி. பாஸ்போர்ட், விசா, கண் ஒப்பரேஷன், விமானநிலையம்: ஊரிலிருந்து யார் எதற்கு வந்தாலும் எங்கள் ஹோலில்தான் படுக்கை. யாரையும் லொட்ஜுக்கு அனுப்பியதில்லை என்பது அம்மாவின் பெருமை.

3

அண்ணியை நான் சரியாக எழுதவில்லை. முதல் பிரதியில் அவளை அழவைத்திருந்தேன். உண்மையில் அவள் அளவுநாடாவின் நுனியைப் பிடித்தபடி கேட்டாள்:

“கதவு மூடாட்டி அந்தச் சின்ன மெஷின் வேலை செய்யாதோ, அண்ணை?”

“வேஸ்ட், மிஸ். மூடித்தான் ஆகணும்.”

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்தக் கதவு மூடாது. கதவுக்குப் பின்னால் விருந்தாளிகளுக்கான ஆறு மெத்தைகள் அடுக்கியிருக்கின்றன. கல்யாணத்திலிருந்து அண்ணனுக்கும் அவளுக்கும் ஒரு திரைச்சீலைதான். கேட்க வெட்கப்பட்டதை இப்போது ஓர் இயந்திரம் கேட்கிறது.

(வாசகருக்கு: நான் ஹோலில் படுப்பவள். பெரிய மெஷின் வந்தால் எனக்கும் குளிர் வரும். என் நடுநிலைமையை நம்பாதீர்கள்.)

4

முடிவு அ: பெரியது வருகிறது. எல்லோருக்கும் குளிர், அண்ணிக்குத் திரைச்சீலை.

முடிவு ஆ: சின்னது வருகிறது. மெத்தைகள் ஹோலுக்கு வருகின்றன; அம்மா இரண்டு நாள் கதைப்பதில்லை.

முடிவு இ: அம்மா தானாகவே மனம் மாறி... (இந்த வாக்கியத்தை விட்டுவிடுகிறேன். எனக்கு அம்மாவைத் தெரியும்.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு நேரமில்லை, எந்த மெஷின் என்று எழுத ரிம்ஸான் பேனையைத் திறந்துவிட்டார், அம்மா குசினிக்குள் போய்விட்டார், அண்ணி என் காதருகே குனிகிறாள்.

“நீர்தானே கதை எழுதுறனீர். அந்த மெத்தையளை ஒருக்கா எடுக்கச் சொல்லி மாமியிட்டக் கேளுமன்.”