கழுகு சுத்தாத பள்ளம்

செல்லியம்மாளுக்கு நின்றால் நிற்க முடியவில்லை, உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. வூட்டுக்கு இருந்த ஒரே மாடு செவலை. நிறை சினை வேறு. நேற்று மேயப் போனது திரும்பவில்லை.

"மலையடிப் பள்ளத்துல எறங்கிப் பாத்துட்டு வரேன்," என்றான் புருஷன் பச்சமுத்து.

"அங்க இன்னாத்துக்கு? மேல பாரு, ஒரு கழுகாவது சுத்துதா?"

சும்மா சொல்லவில்லை அவள். கல்வராயன் மலையடியில் மாடு மேய்த்தே வளர்ந்தவள். மாடு விழுந்து கிடந்தால் முதலில் காக்காய் வரும். அப்புறம் பொணந்தின்னிக் கழுகு ஒன்று மேலே வட்டம் போடும். அதைப் பார்த்து மற்றதெல்லாம் வந்து, உசுரு போகட்டும் என்று மரத்தில் காத்திருக்கும். போச்சா, கண்ணில் ஆரம்பித்து அரை நாளில் எலும்புதான் மிச்சம். அப்போதெல்லாம் காணாமல் போன மாட்டை அந்த ஊரே வானத்தைப் பார்த்துத்தான் தேடும். ஆனால் செத்த மாட்டை வண்டி வைத்துத் தூக்கிப்போகும் காலம் வந்தபிறகு அவள் கழுகுக்காக அண்ணாந்ததே இல்லை. கழுகைக் கண்ணால் பார்த்தே எத்தனை வருஷம் ஆகிறது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

"வுழுந்திருந்தா இந்நேரம் வந்திருக்கும். எவனோ ஓட்டிகினு பூட்டான். சந்தைக்கு வா!"

தியாகதுருகம், கள்ளக்குறிச்சி என்று நாயாய் அலைந்தார்கள். சிவப்பு மாடு எது தெரிந்தாலும் அவள் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தாள். மறுநாளும் அதே அலைச்சல். "பள்ளத்த ஒரு தபா..." என்று பச்சமுத்து இழுத்தான்.

"உனுக்கு எத்தினி தபா சொல்றது?" என்று எரிந்து விழுந்தாள்.

அதற்கடுத்த நாள் காலையில் வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்த மலைக்காரன் மாயவன் வாசலில் நின்றான். "செவல மாடு உங்களுதாங்க? பள்ளத்துல கெடக்குதுங்க."

ஓடினார்கள். பாறை இடுக்கில் முன்னங்கால் சிக்கி ஒடிந்து கிடந்தது செவலை. கழுத்து எட்டிய மட்டும் புல்லை வேரோடு கரம்பியிருந்தது. எட்டாத இடத்தில் புல் அப்படியே பச்சையாக நின்றது. தொட்டாள். உடம்புச் சூடு இன்னும் முழுசாக ஆறவில்லை. வயிற்றில் அசைவில்லை.

"கழுகே வரலியே..." என்றாள்.

"இப்ப ஏதுங்க கழுகு? மலையிலயே பாத்து வருசக்கணக்காவுது," என்றான் மாயவன். "வலி ஊசி போட்டு செத்த மாட்டத் தின்னு அல்லாம் செத்துப் போச்சின்னு பேசிக்கிறாங்க."

பச்சமுத்து குனிந்து பாறை இடுக்கிலிருந்து ஒடிந்த காலை விடுவித்தான். திட்டித் தொலைக்க மாட்டானா என்றிருந்தது அவளுக்கு.

அந்தக் காலத்தில் அவள் கல்லெடுத்து விரட்டிய சனியன்கள்தான் அந்தக் கழுகுகள். "பாவிங்களா, ஒண்ணே ஒண்ணு வந்து சுத்தியிருந்தா என் செவல பொழச்சிருக்குமே!" என்று வெறும் வானத்தைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டாள். காக்காய் ஒன்று மாட்டின் கண் பக்கம் தத்தி வந்தது. அழுதுகொண்டே கல்லைத் தேடினாள்.