பிரிக்கக் கூடாத மூட்டை

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்கு எலி மருந்துக்காரர் வருவார். கோணியோடு வருவார்.

"எலிக்கு மருந்து வெக்கிறப்பவே பூனையையும் அள்ளிக்கச் சொல்லிட்டேன்," என்று சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிவிட்டார். "ஆஸ்பத்திரித் துணி துவைக்கிற இடத்துல பூனை வளர்த்தா என் வேலை போயிடும்மா. மூணு மணிக்கு மேல ஒரு வால்கூட என் கண்ணுல படக் கூடாது."

அள்ளிக்கொண்டு போய் என்ன செய்வார் என்று அவள் கேட்கவில்லை. கோணியில் போட்டுக் கட்டித் தூக்குகிறவர் பால் ஊட்டவா போகிறார்?

அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினொரு வருடமாக அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நாடா கட்டுகிறவள். பச்சை நாடா என்றால் ஆபரேஷன் தியேட்டர். வெள்ளை என்றால் வார்டு. சிவப்பு என்றால் தொற்று நோயாளிகளின் துணி. சிவப்பைப் பிரிக்கக் கூடாது, உதறக் கூடாது. கட்டியது கட்டியபடி கொதிநீர் டிரம்முக்குள் போட வேண்டும். அவள் போட்ட முடிச்சு அவளே நினைத்தாலும் அவிழாது.

உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால், சூட்டுக்கு ஒதுங்கிய பூனை நாலு குட்டி போட்டிருந்தது. போன வாரம் வாசலில் வண்டி ஏறி அது செத்துப் போனது. அன்றிலிருந்து ஊசி இல்லாத சிரிஞ்சில் பால் புகட்டி அவள்தான் தாய். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு, ஒரு பூனை முடி போதும், நெஞ்சு விசிலடிக்கும்.

ஒரு குட்டியை மருந்துக் கடைப் பெண் காலையிலேயே வாங்கிக்கொண்டாள். பாக்கி மூன்று. கேட்காத ஆளில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும், நேரம் கிடைத்தால் வந்து இரண்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். மற்ற எல்லாரும் கையை விரித்தார்கள்.

இரண்டு இருபதுக்குப் பக்கத்துக் கிடங்குக்காரர் தானாகவே வந்து நின்றார். "மூணையும் குடும்மா. நான் எடுத்துக்கிறேன்."

அவளுக்கு உயிர் வந்தது. "வீட்டுக்கா அண்ணே?"

"கிடங்குக்கு. எலி தாங்கல. சாயங்காலம் உள்ள விட்டுப் பூட்டிட்டுப் போயிடுவேன்."

"சாப்பாடு?"

"சாப்பாடு போட்டா அது எதுக்கு எலி பிடிக்கும்? பட்டினி கெடந்தாத்தான் பிடிக்கும்."

"அண்ணே, இது எலியைவிடச் சின்னதா இருக்கு!"

"பொழைக்கிறது பொழைக்கும். போறது போகும்."

அவள் அட்டைப்பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "வேணாம் அண்ணே. நீங்க கெளம்புங்க."

டிரம்மின் பக்கத்திலிருந்து பாய்லர் சிரித்தான். மிஷின் ஓட்டுகிறவன், எப்போதும் கொதித்துக்கொண்டிருப்பதால் அந்தப் பெயர். "ஏம்மா முடிச்சு, பூனைக்கு மாப்பிள்ளையா பாக்குற? மணி என்னன்னு தெரியுமா?"

"தெரியும். நீ உன் வேலையப் பாரு."

"கோணிக்குக் கிடங்கு தேவலைம்மா."

"கோணியில ஒரே நாள்ல சாகும், கிடங்குல பத்து நாள்ல சாகும். எது தேவலை, நீயே சொல்லு."

பாய்லர் டிரம் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டு நாற்பதுக்கு வாசலில் ஹாரன் கேட்டது. ஆம்புலன்ஸ் டிரைவர். சொன்னபடி வந்துவிட்டான். அடுத்த அழைப்பு வந்துவிட்டால் பறந்துவிடுவான். அவள் இரண்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

மிஞ்சியது நோஞ்சான். இடது கண் ஒட்டிப்போன குட்டி. பார்த்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்துத் தள்ளிய குட்டி. பெட்டியில் விட்டுப் போனால் ஏறிக் குதித்து, மிஷினில் ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கம் போய்விடும். நேற்றே ஒரு தடவை போனது. சலவை செய்த உறையில் பூனை முடி ஒட்டினால் வம்பு என்று தையலுக்குப் போகிற குவியலிலிருந்து ஒரு தலையணை உறையை உருவினாள். நோஞ்சானை உள்ளே விட்டு, ஒற்றைக் கையால் உறையின் வாயைக் கட்டி, மேசை ஓரத்தில் வைத்தாள்.

"அஞ்சு நிமிஷம். அசையாம இரு, கண்ணு."

ஓடினாள்.

வாசலில் டிரைவர் இரண்டு குட்டியையும் சட்டைக்குள் விட்டுக்கொண்டான். முடிச்சக்கா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்: பாலை வெதுவெதுப்பா குடு, ரெண்டையும் பிரிக்காத, பால்கனிக் கதவைச் சாத்தி வை.

"யக்கா, என் கல்யாணத்துலகூட எனக்கு இவ்வளவு அறிவுரை யாரும் சொல்லல," என்றான் அவன். பிறகு அவள் மணிக்கட்டைப் பார்த்தான். "அதென்ன, கையில சிவப்பா? அடிபட்டுச்சா?"

அவள் குனிந்து பார்த்தாள்.

ரத்தம் இல்லை. நாடாச் சுருள். சிவப்பு நாடாச் சுருள்.

பதினொரு வருடப் பழக்கம். கை தானாக எடுத்திருக்கிறது, தானாகக் கட்டியிருக்கிறது. மூன்று மணிக்கு முந்தைய கடைசி லோடுக்காக, பாய்லர் மேசையை வழித்து எடுக்கிற நேரமும் இதுதான்.

டிரைவர் ஏதோ கேட்டான். அவள் அங்கே இல்லை.

எக்ஸ்ரே அறை, லிஃப்ட், சரிவுப் பாதை. செருப்பு ஒன்று எங்கோ கழன்றது. கதவைத் தள்ளியபோது டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேசை மேல இருந்த மூட்டை! எங்க அண்ணே?"

"சிவப்புதான? வண்டியில வாரிப் போட்டு, மொத்தமா உள்ள கவுத்துட்டேன்."

"அதுக்குள்ள நோஞ்சான்!"

பாய்லரின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. ஒரே தாவலில் நிறுத்தும் பொத்தானை அடித்தான். டிரம் நின்றது. கதவு திறக்கவில்லை. தண்ணீர் வடிந்தால்தான் பூட்டு விடும். நாலு நிமிடம்.

"தெறந்து விடு அண்ணே!"

"விடாதும்மா! வடியணும்!" சொல்லிக்கொண்டே வெறுங்கையால் பூட்டைப் பிடித்து இழுத்தான். உள்ளங்கை பொசுங்கியது. மறுபடி இழுத்தான். "சிவப்பு கட்டியிருந்துச்சே... நீதானே கட்டுன... பிரிக்கக் கூடாதுன்னுதானே..."

"நான்தான். நான்தான் கட்டினேன்."

கண்ணாடிக்குப் பின்னால் ஆவி. வேறொன்றும் தெரியவில்லை. கிடங்குக்காரரிடம் கொடுத்திருக்கலாம். பட்டினியாகவாவது உயிரோடு இருந்திருக்கும். அவள் தலையை இயந்திரத்தில் முட்டிக்கொண்டாள்.

பூட்டு 'டக்' என்றது.

பாய்லர் கொக்கியால் ஒவ்வொரு மூட்டையாக இழுத்துத் தள்ளினான். ஏழாவது, தலையணை உறை. வாயில் சிவப்பு முடிச்சு, அசையாமல், கல் மாதிரி. அவளால் தொட முடியவில்லை. அவன்தான் தொட்டான்.

"தட்டையா இருக்கு."

"என்னது?"

"உள்ள ஒண்ணும் இல்லம்மா. இங்க பாரு."

உறையின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குத் தையல் விட்டிருந்தது. தைக்க அனுப்ப வேண்டிய உறை.

எப்போது வெளியே வந்தது? மேசையிலா? வண்டியிலா? இல்லை, டிரம்முக்குள்ளேயா? பாய்லர் தலையை உள்ளே விட்டு, சுடச்சுட மூலை மூலையாகத் துழாவினான். அவள் தரையில் படுத்து மேசைக்கு அடியில் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பத்தேழு.

மேசைக்கு அடியில் பாய்லரின் சாப்பாட்டுப் பை. ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே மீன் வாடை அடிக்கிற திறந்த டப்பாவின் மேல் முகவாயை வைத்து, ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது நோஞ்சான்.

அழுகை வர நேரமில்லை. வெளியே பேச்சுக்குரல். சூப்பர்வைசர்; பின்னால் கோணியோடு எலி மருந்துக்காரர்.

பாய்லர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"எத்தனை பாக்கி?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒண்ணும் இல்ல சார்," என்றான் பாய்லர். "எல்லாம் போயாச்சு."

பை 'மியா' என்றது.

பாய்லர் பலமாக இருமினான். சூப்பர்வைசர் பையைப் பார்த்தார். வெந்து சிவந்திருந்த அவன் உள்ளங்கையைப் பார்த்தார். தரையில் கிடந்த அரைவேக்காட்டு மூட்டைகளைப் பார்த்தார். "உன் ஷிஃப்ட் மூணு மணிக்கு முடியுதுல்ல? பையை எடுத்துக்கிட்டுக் கெளம்பு. கைக்கு மருந்து போடு." கோணிக்காரரைத் திருப்பி அழைத்துக்கொண்டு போனார்.

முடிச்சக்கா பாய்லரின் வழியை மறித்து நின்றாள். ஒரு காலில் செருப்பு இல்லை. குரல் மட்டும் பழையபடி வந்தது.

"வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்."

"சாப்பாடு போடுவியா?"

"நான் மிச்சம் வெச்ச மத்தியான மீனை இது தின்னாச்சு. இனிமே என்னத்தைக் கேக்குற?"

"கண்ணுக்கு மருந்து தினமும் மூணு வேளை போடணும்."

"போடுறேன்மா தாயே. வழி விடு."

ஜிப் வழியாக ஒரு பாதம் வெளியே நீண்டது. அவள் கை பழக்கத்தில் மணிக்கட்டு நாடாவுக்குப் போனது. பாய்லர் பையைச் சட்டென்று மார்போடு சேர்த்துக்கொண்டான்.

"வேணாம்மா. இதை நான் கையால பிடிச்சுக்கிறேன்."