பட்டினிக் குடுவைகள்

கொல்லிமலைக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் செம்மேட்டில் ஒரு அறக்கட்டளை கடற்பாசி ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. எந்தப் புண்ணியவான் கையெழுத்துப் போட்டாரோ, லாரியில் உப்பு வந்தது. அதை வாளித் தண்ணீரில் கலக்கிக் கடல் என்று பெயர் வைத்தார்கள்.

அங்கே ஒப்பந்த ஆய்வாளர்கள் சுகுணாவும் யுவராஜும். வியாழக்கிழமை ஒரு குழு வந்து ஆட்களில் ஒருவரைக் குறைக்கும் என்று கடிதம் வந்தது. அன்றோடு இருவரும் சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார்கள். சுகுணா ஃபிரிட்ஜ் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். யுவராஜ் தராசைத் தன் அறைக்குள் வைத்துப் பூட்டினான். குடுவை கழுவும் பாப்பாயியும் அங்கே வேலை பார்ப்பவர்தான். அவரை யாரும் ஆளாக எண்ணவில்லை.

சுகுணாவுக்கு வேலை போனால் சேந்தமங்கலத்தில் மாமியார் வாயில் விழுந்து எழ வேண்டும். அதனால் தன் ஆய்வையே மலைபோல நம்பினாள். இரண்டு நுண்பாசிகள், அவளுடையது பழுப்பு, யுவராஜுடையது பச்சை. சத்தில்லாத உப்புநீரில் சேர்த்து வைத்தால், பழுப்பு ஒரு விஷத்தைக் கசியவிட்டுப் பச்சையைத் தலையெடுக்க விடாது. சத்து தாராளமாக இருந்தால் அது அந்த வம்புக்கே போகாது. எட்டு நாளாகக் குடுவைகளைப் பட்டினி போட்டாள். குழுவின் கண்முன்னே பச்சை செத்துக் கிடந்தால் யுவராஜும் அத்தோடு தொலைந்தான் என்று மனப்பால் குடித்தாள்.

வியாழக்கிழமை, வளைவு வளைவாக வாந்தி எடுத்தபடி குழு மலையேறி வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டு பாசியும் கொழுகொழுவென்று இருந்தன. விஷம் எங்கே என்று குழுத்தலைவர் கேட்டார். சுகுணா யுவராஜைக் கை காட்டினாள். அவன் அவளைக் காட்டினான்.

பாப்பாயி முன்னால் வந்தார்.

"நாந்தானுங்க சத்துத்தண்ணி ஊத்துனேன். நாலு நாளைக்கு முந்தி எங்கூட்டுல புதுச் சாமை ஆக்குன நாளுங்க. நம்ம கையில இருக்கற சீவனுக்கு ஊத்தாம நாம எப்படிங்க திங்கறது?"

அதே மலையில் திருப்புலி நாடு என்ற பகுதியில் இருந்த அவர் வீட்டில், அறுவடையான புதுச் சாமையை முதலில் ஆக்கும் அன்று மாடு, கோழி, நாய் எல்லாம் தின்ற பிறகுதான் மனிதருக்குச் சோறு. எட்டு நாள் பட்டினி என்று சுகுணா சொன்னதைக் கேட்டு, அவருக்கு மனசு பொறுக்கவில்லை.

குழு முணுமுணுத்தது. சுகுணா யுவராஜைப் பார்த்தாள். இத்தனை நாள் முகம் கொடுக்காதவன் இப்போது பேனாவை நீட்டினான். பணியாளரின் அலட்சியத்தால் ஆய்வு கெட்டது என்று இருவரும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு ஆள் குறைந்ததில் குழுவுக்கும் நிம்மதி.

பாப்பாயி பையை எடுத்துக்கொண்டு சுகுணாவிடம் வந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, கேலியுமில்லை. தன்னால் கெட்டதை நினைத்து உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"ஏஞ்சாமி, அந்த வெசத்த இனி எப்படிக் காட்டுவீங்க?"

சுகுணாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி வெளியே நடந்தாள்.