கேட்டை மூடிவிட்டு வருபவர்

கண்ணாடிக் கடைக்காரர் மலைப்பாதையில் காணாமல் போன பிறகும், பாலம் வரைக்குமான மேய்ச்சல் நிலத்துக் கேட்டுகளை மாலைதோறும் ஒன்று விடாமல் மூடிக்கொண்டிருந்தார். அவரை யாரும் பார்க்கவில்லை. காலையில் மாட்டுக்காரர்கள் திறந்து வைத்த கேட் இருட்டுவதற்கு முன் மெல்ல நகர்ந்து வந்து சாத்திக்கொள்ளும், பிறகு கொக்கி விழும். அந்தக் கொக்கியை உடனே போய்த் தொட்டவர்கள் அது உள்ளங்கைச் சூட்டோடு இருந்ததாகச் சொன்னார்கள். மாடுகள் வழி தவறிப் போவது நின்றுவிட்டதால் யாரும் புகார் சொல்லவில்லை.

அந்த ஊரில் ஒரு நடைக்குழு இருந்தது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் விடியலில் கிளம்பி, வயல், மேய்ச்சல் நிலம், மலை, பாலம் என்று சுற்றி, சாயங்காலம் விளையாட்டு மைதானத்துக் கேட் வழியாகத் திரும்புவார்கள். முன்னால் விசிலோடு போனவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கடைசியில் போனவர் அவருடைய தங்கை புருஷனான கண்ணாடிக் கடைக்காரர். ஊரில் அவருக்கு வால் என்றே பெயர். வாலின் வேலை லேசானதல்ல. யாரையும் முந்தக் கூடாது. யாராவது செருப்பை உதறக் குனிந்தால்கூடப் பின்னால் நிற்க வேண்டும். எல்லோரும் கடந்த பிறகு கேட்டை மூட வேண்டும், கீழே விழுந்த கைக்குட்டையைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். மாவு மில்காரர் ஒருமுறை மரத்தடியில் உட்கார்ந்தவர் அப்படியே குறட்டை விட்டுத் தூங்கிப்போக, வால் ஒரு வார்த்தை பேசாமல் அவர் கண் விழிக்கும்வரை நின்றார். வால் வந்து சேராமல் நடை முடியாது, டீயும் ஊற்ற மாட்டார்கள். அதனால் மைதானத்தில் எல்லோருக்கும் அவர்மேல் செல்லக் கோபம் உண்டு.

அந்த வருடம் மலையிலிருந்து இறங்கும்போது பனிமூட்டம் கவிந்தது. ஆட்கள் இரண்டிரண்டு பேராக வந்து சேர்ந்தார்கள். வால் வரவில்லை. டீ ஆறிப்போய், கடைசியில் அதைப் புல்லில் கொட்டினார்கள். போலீஸ் தேடியது. மோப்ப நாய் பாலத்துக்கு முன்னால் ஓரிடத்தில் உட்கார்ந்து, இழுத்தாலும் எழுந்திருக்க மாட்டேன் என்றது. மறுநாள் மாலையிலிருந்து கேட்டுகள் மூடிக்கொள்ளத் தொடங்கின. ஆனால் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஊரை ஒட்டியிருந்த கேட் ஒன்றுகூட மூடிக்கொள்ளவில்லை. மைதானத்துக் கேட்டுக்கு வெல்டர் புது ஸ்பிரிங் போட்டார், சங்கிலியால் கட்டிப் பார்த்தார். விடிந்தால் கேட் ஆவென்று திறந்திருக்கும், சங்கிலி அழகாகச் சுருட்டி மேலே வைத்திருக்கும். வருடங்கள் போயின. மலைப்பக்கம் தொலைத்த பொருள்கள், மழையிலும் நனையாமல், பாலத்துக்கு முன்னாலிருந்த கேட்டின் தூணில் காத்திருந்தன. பிள்ளைகள் தொலைத்த தொப்பியைத் தேடி நேரே அங்கேதான் போனார்கள்.

பாலத்தோடு ஏன் நின்றது என்பது ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவருடைய மனைவி, பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவள் பின்தங்கி, ஒருநாளாவது என் பக்கத்தில் நடந்து வாருங்கள் என்று கேட்டாள். இன்றைக்கு நான் வால், நீ முன்னால் போ என்றார் அவர். அவளுக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று நடந்தாள். பாலத்தில் பாதை ரோட்டைத் தொடும் இடத்தில் ஒரு பால் வேன் நின்றது. பனிமூட்டம் நல்ல மறைப்பு. ஏறி வீட்டுக்குப் போய், வெந்நீரில் குளித்துப் படுத்துவிட்டாள். அண்ணன் போன் செய்து, நீ எப்போது வந்தாய் என்று கேட்டபோது, எல்லோரோடும்தான் வந்தேன் என்று வாய் சொல்லிவிட்டது. போலீசிடமும் அதையே சொன்னாள். வேன்காரன் வெளியூர், அடுத்த மாதமே வேலையை விட்டுப் போனான். அதற்குப் பிறகு நிஜத்தைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கடைக் கண்ணாடிகளைத் துடைத்து வைத்துக்கொண்டு, மூடாத மைதானத்துக் கேட்டை ஆஸ்பத்திரி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பாவம்தான், ஆனால் ஒரேயடியாகப் போய்விடாமல் அங்கேயாவது நின்றுகொண்டிருந்தார்.

ஒருநாள் பல் பிடுங்க வந்த பால்காரம்மா, பாதி வாய் மரத்த நிலையில், மலைப்பாதையைத் தார் ரோடாக்கப் போகிறார்கள், கேட்டுகளைப் பிடுங்கப் போகிறார்கள் என்று குழறினாள். கேட் இல்லாவிட்டால் அவர் எங்கே நிற்பார் என்று நர்ஸ் நினைத்தாள். யூனிபார்மோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"நான் அன்னைக்கு நடந்து வரல அண்ணே. பாலத்துல வேன் ஏறிட்டேன்."

டிரைவர் திட்டுவார் என்று அவள் நினைத்தாள். அவர் உள்ளே போய் விசிலையும் பிளாஸ்கையும் எடுத்து வந்தார்.

"அப்ப மாப்பிள்ள இன்னும் உன்னத் தேடிக்கிட்டு நிக்கிறாரு. வா, விட்ட இடத்துலேர்ந்து நடக்கலாம்."

அவரே காரில் கூட்டிப்போய், வேன் நின்ற அதே இடத்தில் அவளை இறக்கினார். தான் முன்னால் போய் விசில் ஊதினார். அவள் நடந்தாள். பின்னால் பாலத்துக் கேட் சாத்திக்கொண்டது, கொக்கி விழுந்தது. சரளைக்கல்லில் காலடிச் சத்தம் எழுந்தது. அவள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தபோது அது சற்றுத் தள்ளி நின்றது, மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பக்கத்துல வாங்களேன் என்று மெதுவாகக் கேட்டாள். காலடி அசையவில்லை. அழுதுகொண்டே எழுந்து நடந்தாள். ஒவ்வொரு கேட்டாக மூடிக்கொண்டு வந்தது. கடைசியில் மைதானத்துக் கேட்டும், வெல்டர் போட்ட ஸ்பிரிங் கிறீச்சிட, மூடியது. டிரைவர் மூன்று கப்பில் டீ ஊற்றினார். ஒன்றைத் தூணில் வைத்தார். அவர் தன் கப்பைக் குடித்து முடிப்பதற்குள் அதுவும் காலியாகியிருந்தது.

மலைப்பாதை ரோடாகிவிட்டது. அங்கே இப்போது எதுவும் நடப்பதில்லை. நர்ஸ் மட்டும் வீட்டில் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போனால், பின்னால் கதவு சாத்திக்கொள்கிறது. அவள் படுத்த பிறகு விளக்கு அணைகிறது. பக்கத்தில் வந்ததே இல்லை. முதலில் பயந்தாள், பிறகு கோபப்பட்டாள், இப்போது இரண்டும் இல்லை. சீக்காளிக் கணவரை வைத்துக்கொண்டு கவலைப்படும் பெண்கள் ஆஸ்பத்திரியில் அவளிடம் புலம்பினால், அவள் ஊசியைத் துடைத்துக்கொண்டே ஒன்றுதான் சொல்வாள்.

"எனக்கு அந்தக் கவல இல்லம்மா. எங்க வீட்டுக்காரர் எனக்கு முன்னால போக மாட்டாரு."

அவளுக்கு முடி நரைத்துவிட்டது, முன்னைவிட மெதுவாக நடக்கிறாள். காலடியும் மெதுவாகத்தான் வருகிறது. அவள் வேலைக்கு வந்தால் டாக்டர் தலை நிமிர்த்தாமல் கொஞ்சம் பொறுக்கிறார். கதவைச் சாத்த யாரும் எழுந்திருப்பதில்லை.