நுரைக்காத குப்பி

சுத்தம் சோறு போடும் என்பார்கள். அவளுக்கு அது இருபது வருஷமாகச் சோறு போட்டது. ஒரு பெரிய மருத்துவமனையின் துப்புரவுப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வையாளர். வராந்தா முனையில் அவள் தலை தெரிந்தாலே துடைப்பங்கள் வேகமெடுக்கும். முதுகுக்குப் பின்னால் 'பளபளா அக்கா' என்பார்கள். ஆனால் அண்ணி வளர்த்த நான்கு தங்கமீன்களில் மூன்றைக் கொன்றதும் அதே சுத்தம்தான்.

அண்ணி படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போனவள், பார்த்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கலாம். மீன்தொட்டியின் வடிகட்டிப் பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது அவள் கண்ணை உறுத்தியது. சோப்புப் போட்டுக் கசக்கி, வெந்நீரில் அலசி, வெள்ளை வெளேரென்று திரும்ப மாட்டினாள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் அந்தப் பழுப்பில்தான் குடியிருந்தன என்பது அவளுக்கு அப்போது தெரியாது. நான்காம் நாள் மூன்று மீன்கள் மிதந்தன. அடுத்த வாரம் அண்ணியும் போய்விட்டாள். அண்ணன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மிஞ்சிய மீனுக்குப் 'பெரியவர்' என்று பேர். எந்நேரமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவதால் அண்ணி வைத்தது. பழைய தொட்டி விரிசல் விட்டபின் அண்ணன் அதை ஒரு பிளாஸ்டிக் டப்பில் வைத்து, கழிவு சேராமலிருக்கத் தினமும் காலையில் பாதித் தண்ணீர் மாற்றி வந்தான். அவன் கப்பலில் மெக்கானிக். இப்போது கப்பலிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. ஆறு வாரத்தில் கிளம்ப வேண்டும்.

"மீன் கடைக்காரர்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்," என்றான்.

"எங்கிட்ட குடுண்ணா."

அண்ணன் சுவரைப் பார்த்தான். "முதல்ல தொட்டிய ரெடி பண்ணு. அப்புறம் பாக்கலாம்."

நம் ஆட்கள் வாயில் 'பாக்கலாம்' என்றால் முக்கால் பங்கு 'மாட்டேன்' என்று அர்த்தம். மீதிக் கால் பங்கை அவள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நூறு லிட்டர் தொட்டி வாங்கினாள். மீன் விடாமலே அதில் நுண்ணுயிர்களை வளர்க்க வேண்டும், அவற்றுக்குத் தீனியாக அம்மோனியாவை நாமே ஊற்ற வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டாள். அம்மோனியா என்ன அவளுக்குப் புதுசா? மருத்துவமனை ஸ்டோரில் கேன் கேனாக இருந்தது. எலுமிச்சை வாசனை, மஞ்சள் நிறம், தொட்டால் நுரை. அதில் ஒன்றுகூட ஆகாது. வாசனை, நிறம், சோப்பு எது கலந்திருந்தாலும் மீனுக்குக் கேடு. குப்பியைக் குலுக்க வேண்டும். நுரை நின்றால் சோப்பு இருக்கிறது, குமிழி உடனே உடைந்தால் எடுக்கலாம். நுரை வந்தால்தான் நல்ல சரக்கு என்று இருபது வருஷம் வாங்கியவளுக்கு இது தலைகீழ்ப் பாடம்.

ஹார்டுவேர் கடையில் ஒவ்வொரு குப்பியாக எடுத்துக் குலுக்கினாள். கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"என்னம்மா, கடையில இருக்கிற எல்லாத்தையும் தாலாட்டிட்டுத்தான் போவீங்களா?"

"வாசனை, கலர், சோப்பு எதுவும் சேக்காததா வேணும்."

"அத யாரு வாங்குறா? கீழ்த்தட்டுல பாருங்க, தூசி பிடிச்சுக் கிடக்கும்."

கிடந்தது. லேபிளில் அம்மோனியா, தண்ணீர் என்று இரண்டே சொல். குலுக்கினாள். மூன்று எண்ணுவதற்குள் குமிழியெல்லாம் உடைந்தது. அதைப் பிளீச் இருந்த அலமாரியில் வைக்காமல், சமையலறைக்கு வெளியே தனியாக வைத்தாள். இரண்டும் கலந்தால் மூச்சு முட்டும் என்பது அவள் தொழிலின் அரிச்சுவடி.

சிரிஞ்சில் அளந்து இரண்டு மில்லி. தினமும் வேலைக்குப் போகுமுன் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, சோதனைச் சொட்டு விட்டுப் பார்ப்பாள். பச்சை என்றால் அம்மோனியா இருக்கிறது. மஞ்சள் என்றால் தீர்ந்தது. பன்னிரண்டாம் நாள் பச்சை வெளுக்கத் தொடங்கியது. அம்மோனியா நைட்ரைட்டாக மாறுகிறது. அதுவும் விஷம், அதைத் தின்னும் கூட்டமும் வளர வேண்டும். அன்று வேலையில் யாரையும் அவள் அதட்டவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று கீழே வேலை செய்பவர்கள் பயந்துபோனார்கள்.

பத்தொன்பதாம் நாள் பழைய புத்தி. அம்மோனியாக் குப்பி இருந்த இடத்தைத் தூசி துடைக்கிறேன் என்று அதைத் தட்டிக் கொட்டிவிட்டாள். கண் எரிய ஜன்னல்களைத் திறந்து, தரையை அலசிவிட்டு, கடைக்கு ஓடி அதே பெயர் போட்ட அதே குப்பியை வாங்கி வந்தாள். வேலையிடத்தில் தீர்ந்த சரக்குக்கு மாற்று வந்தால் பேரைப் பார்த்து அடுக்குவதோடு சரி, யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் குலுக்காமலே இரண்டு மில்லி ஊற்றினாள்.

வடிகட்டித் தண்ணீர் விழும் மூலையில் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை ஒதுங்கியது. போகவில்லை. குப்பியைக் குலுக்கினாள், கழுத்துவரை நுரை. பின்பக்கம் எறும்பு எழுத்தில் 'புதிய கலவை' என்று போட்டிருந்தது.

சாயங்காலத்துக்குள் நுரை அடங்கிவிடும். நூறு லிட்டரில் இரண்டு மில்லி. ஒருவேளை ஒன்றும் ஆகாமலும் போகலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த 'ஒருவேளை'யை நம்பிப் பெரியவரை இறக்க அவளுக்கு மனம் துணியவில்லை. தண்ணீரை வாளி வாளியாக இறைத்துக் கொட்டினாள். மணலையும் பஞ்சையும் தூக்கிப் போட்டாள். பத்தொன்பது நாள் உழைப்பு சாக்கடையில் போவதைப் பார்த்து அழுதாள், அழுதுகொண்டே இறைத்தாள். மறுநாள் மீன்தொட்டிக்கென்றே விற்கும் அம்மோனியம் குளோரைடு சொட்டு வாங்கி வந்தாள். அதையும் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றினாள். மறுபடி முதல் நாள்.

அண்ணன் புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம், மூடி போட்ட வாளியோடு படியேறி வந்தான். அன்று காலைச் சோதனையில் அம்மோனியா மஞ்சள். நைட்ரைட் இன்னும் தீரவில்லை, கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றது.

அண்ணன் குனிந்து தொட்டியைப் பார்த்தான். "தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே. விட்டுடலாமா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு தலையசைப்பு போதும், பெரியவர் அவள் வீட்டில் இருப்பார்.

"இல்லண்ணா. பாக்கத்தான் தெளிவா இருக்கு. இன்னும் பத்து நாளாவது ஆகும்." குப்பியைக் குலுக்காமல் ஊற்றியது, கொட்டியது, மறுபடி தொடங்கியது எல்லாவற்றையும் சொன்னாள். "தப்பு எம்மேலதான். மீன் கடைக்காரர்கிட்டயே குடுத்துடு. அவர்கிட்ட ஓடிட்டிருக்கிற தொட்டி இருக்கும். எனக்கு இவரு வேணும்தான், அதுக்காக இந்தத் தண்ணியில விட மாட்டேன்."

அண்ணன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே போனான். கடைக்காரருக்குப் போன் பண்ணத்தான் போகிறான் என்று நினைத்தாள். வாளி மூடியைத் திறந்து பார்க்கக்கூட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

வண்டியிலிருந்து அவன் பிளாஸ்டிக் டப்பையும் காற்று மோட்டாரையும் தூக்கிக்கொண்டு வந்தான். ஜன்னலை ஒட்டி, வெயில் படாத இடமாகப் பார்த்து இறக்கினான்.

"தொட்டி ரெடியாகுற வரைக்கும் இதுலயே இருக்கட்டும். தினமும் காலையில பாதித் தண்ணி மாத்தணும். ஒரு நாள்கூட விடக் கூடாது."

"விட மாட்டேன்."

"சாயங்காலம் தீனி போட்டா தொடமாட்டார். காலையில மட்டும்தான். உங்க அண்ணி அப்படிப் பழக்கி வச்சிருக்கா."

அண்ணி போன பிறகு அவன் அவளிடம் அண்ணியைப் பற்றிப் பேசியது அதுதான் முதல் தடவை.

"எத்தனை உருண்டைண்ணா?"

"நாலு."

எழுதிக்கொள்ளப் பேனா தேடினாள். கண் நிறைந்திருந்ததால், அது கையிலேயே இருந்தது அவளுக்குத் தெரியவில்லை.